தத்துக் குஞ்சுகளும் தாய்க்கோழியும்: சிக்கல் வந்தால் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

வசந்தத்தில் பகல் நீளத் தொடங்கியதும் பெட்டைகள் ஒவ்வொன்றாக அடைக்கு உட்காரும். அதே நாட்களில் இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகளோ தாயை இழந்த குஞ்சுகளோ கைக்கு வந்து சேரும். இரண்டையும் சேர்த்துவிட்டால் விளக்கும் வேண்டாம், வெப்பமானியும் வேண்டாம். குஞ்சு வளர்ப்பதில் நல்ல அடைக்கோழிக்கு ஈடான கருவி கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் சேர்க்கும் வேலை எப்போதும் சுமுகமாக முடிவதில்லை. கோழி கொத்தும், எழுந்து போய்விடும், குஞ்சு கத்தும், ஒன்றிரண்டு செத்தும் போகும். என்ன நடக்கிறதோ அதைக் கண்டு, காரணத்தைத் தேடிப் போக இந்த வழிமுறை உதவும்.

முதல் சில நாட்களில் வரும் சிக்கல்களுக்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் வேர். கோழிக்கு அடை முற்றவில்லை, குஞ்சுக்கு வயது கூடிவிட்டது, அல்லது சேர்த்தது வெளிச்சத்தில் நடந்துவிட்டது. கோழி தெரிந்தே அயல் குஞ்சை ஏற்பதில்லை. இத்தனை நாள் உட்கார்ந்த அடை முடிந்து தன் குஞ்சு வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. அந்த எண்ணம் எந்த இடத்தில் முறிகிறது என்று தேடுங்கள்.

தொடங்கும் முன் ஒரு ஏற்பாடு. அட்டைப்பெட்டியிலோ தொட்டியிலோ விளக்குப் போட்டு, குஞ்சு நிற்கும் உயரத்தில் 35 டிகிரி செல்சியஸ் வருகிறதா என்று பார்த்துத் தயாராக வைத்திருங்கள். கோழி மறுத்தால் குஞ்சுகளைக் கொண்டுபோய் விட இடம் வேண்டும். அது இல்லாதபோதுதான் ஏற்காத கோழியிடமே குஞ்சுகளை விட்டுவைத்துச் சாகக் கொடுக்க நேர்கிறது.

முதலில் காதைக் கொடுங்கள்

எதையும் தொடும் முன் கூட்டருகே அசையாமல் நின்று கேளுங்கள். தாழ்ந்த குரலில், சீராக, "கொக்... கொக்... கொக்" என்று விடாமல் ஒலித்தால் அந்தக் கோழி தாயாகிவிட்டது. இரை கண்டதும் அதே ஒலி வேகம் பிடித்து அடுக்கடுக்காக வரும். கூடவே தலையைத் தாழ்த்தி இரையைக் கொத்தி எடுத்து, கீழே போட்டு, மறுபடி எடுத்துக் காட்டும். நீளமாக ஒரு கிறீச்சொலி எழுந்தால் வானில் பருந்து. உரத்த கொக்கரிப்பு விட்டுவிட்டு வந்தால் தரையில் பூனையோ நாயோ வருகிறது.

குஞ்சுகள் பக்கம் இரண்டு ஒலிகளைப் பிரித்தறிந்தால் போதும். இறக்கைக்குள்ளிருந்து வரும் மெல்லிய கிலுகிலுப்பு மேல்நோக்கி ஏறும் சுருதியில் இருக்கும், அது நிறைவு. உரத்த கத்தல் ஒவ்வொன்றும் உச்சத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். அது குளிர், பசி, தனிமை. இருட்டில் கண் உதவாதபோது இந்த வேறுபாடு ஒன்றே வழிகாட்டும்.

உங்கள் கையைக் கண்டு கோழி உப்பிக்கொண்டு உறுமுவதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். அடைக்கோழி அப்படித்தான் உறுமும். உறுமாமல் சட்டென்று எழுந்து ஓடும் கோழியைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

அறிகுறி: குஞ்சு வைத்ததும் கோழி எழுந்து போய்விடுகிறது

பெரும்பாலும் அடை முற்றாததுதான் காரணம். முட்டைப்பெட்டியில் பகலெல்லாம் உட்கார்ந்துவிட்டு இரவில் கம்பில் ஏறித் தூங்கும் கோழி அடைக்கோழி ஆகிவிடவில்லை. உண்மையான அடை என்றால் இரவிலும் முட்டைமேல்தான் கிடக்கும். தட்டையாகப் பரந்து படுத்திருக்கும். மார்பு இறகைத் தானே பிடுங்கி வெறுந்தோலை முட்டையில் பதித்திருக்கும். நாளுக்கு ஒருமுறை, மிஞ்சினால் அரை மணி நேரம், வெளியே வந்து தின்று, குடித்து, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு பெரிதாக ஓர் எச்சமிட்டுத் திரும்பிப் போகும். இவ்வளவும் இருந்தால் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் அதன் உடலில் நன்றாக ஏறிவிட்டது என்று கொள்ளலாம்.

எத்தனை நாள் உட்கார்ந்திருக்க வேண்டும்? கோழிமுட்டை பொரிக்க 21 நாள். அதை ஒட்டிக் குஞ்சு வைத்தால் ஏற்கும் வாய்ப்பு மிக அதிகம். இரண்டு வாரம் உட்கார்ந்த கோழியையும் நம்பலாம். உட்கார்ந்த சில நாட்களிலேயே குஞ்சைக் கொடுத்தால் ஏற்கும் கோழியும் உண்டு. ஆனால் அது அந்தக் கோழியின் குணம், உங்கள் திட்டம் அதன்மேல் நிற்கக் கூடாது. குஞ்சு வரும் நாள் முன்பே தெரிந்தால் மரமுட்டையோ பீங்கான் முட்டையோ வைத்து அடையை நீட்டிவையுங்கள்.

இடம் மாறியதும் இன்னொரு காரணம். எல்லாக் கோழிகளும் முட்டையிடும் பெட்டியிலிருந்து அடைக்கோழியைத் தூக்கித் தனிக்கூட்டில் விட்டு, அன்றைக்கே குஞ்சையும் வைத்தால் இரண்டு அதிர்ச்சியும் சேர்ந்துவிடும். முதலில் இரவில் கோழியை மட்டும் பொய்முட்டையோடு மாற்றுங்கள். புது இடத்தில் இரண்டு மூன்று நாள் உறுதியாக உட்கார்கிறதா என்று பார்த்தபின் குஞ்சைப் பற்றி யோசியுங்கள்.

வைக்கும் முறையை விவரமாகவே சொல்கிறேன், ஏனெனில் பலரும் அவசரப்படுவது இங்கேதான். நன்றாக இருட்டி, கோழி தூக்கத்தில் ஆழ்ந்தபின் போங்கள். டார்ச்சைக் கோழிமேல் அடிக்காமல் தரையைப் பார்த்துப் பிடியுங்கள். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றினால் இன்னும் நல்லது. புறங்கையை அலகுப் பக்கம் காட்டியபடி, குஞ்சை உள்ளங்கைக்குள் மூடி, கோழியின் பக்கவாட்டில் இறக்கைக்கு அடியில் நுழையுங்கள். கொத்து விழுந்தால் உங்கள் புறங்கையில் விழட்டும். உள்ளே சூடு நன்றாக உறைக்கும், கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரியை ஒட்டியது. குஞ்சை அங்கே விட்டுவிட்டு அதே கையால் ஒரு முட்டையை எடுத்து வாருங்கள். குஞ்சு ஒன்று, முட்டை ஒன்று என்று மாற்றிக்கொண்டே போங்கள். குஞ்சு அடியில் அசையும்போது கோழி உடலைச் சற்றே தூக்கி, இறக்கையை விரித்து, மறுபடி அமரும். மிகத் தாழ்ந்த ஒரு "கொக்" வரும். அதைக் கேட்டுவிட்டால் வெளியே வந்துவிடலாம். எல்லாக் குஞ்சுகளையும் ஒரே இரவில் வைத்து முடியுங்கள். தவணை முறை வேண்டாம்.

மறுநாள் விடியும் முன் அங்கே இருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான நேரம் அதுதான். கோழி முதன்முதலாகக் குஞ்சுகளைக் கண்ணால் பார்ப்பது அப்போதுதான்.

அறிகுறி: கொத்துகிறது

எல்லாக் கொத்தும் ஒன்றல்ல. கோழி குஞ்சின் அலகருகே, கண்ணருகே, காலருகே மெல்லத் தொட்டுப் பார்க்கும். பளபளப்பதை எல்லாம் கொத்திப் பார்க்கும் பழக்கம் அது. குஞ்சு ஒருமுறை கத்திவிட்டு மறுபடி அடியில் புகுந்துவிடும். அதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அடங்காமல் அலையும் குஞ்சைத் தலையில் ஒரு தட்டுத் தட்டி அடியில் தள்ளும் கொத்தும் உண்டு. இரவு தாமதமாக வெளியே தலைநீட்டும் குஞ்சுக்கு இது அடிக்கடி விழும். இதுவும் சரி.

மூன்றாவது வகை வேறு. கோழி எழுந்து நிற்கும், கழுத்து இறகு சிலிர்க்கும், குஞ்சைக் குறிவைத்துத் தலையில் ஓங்கிக் கொத்தும், அலகால் பிடித்து உதறும், ஓடும் குஞ்சைத் துரத்தும். "கொக் கொக்" ஒலி அறவே இராது. இதைப் பார்த்த கணமே குஞ்சுகளை எடுத்துவிடுங்கள். பழகிக்கொள்ளும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு நாள் வயதுக் குஞ்சின் மண்டை அத்தனை மெல்லியது, இரண்டு கொத்தில் உயிர் போய்விடும். மற்ற எல்லாச் சிக்கலிலும் பொறுத்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். இதில் மட்டும் பொறுமை கூடாது.

எடுத்த குஞ்சுகளை விளக்கடியில் வையுங்கள். கோழி மறுபடி பொய்முட்டைமேல் உட்கார்ந்துவிட்டால் அடுத்த இரவு இன்னொரு முறை முயலலாம். இம்முறை முதலில் ஒன்றிரண்டு குஞ்சை மட்டும் வைத்து விடியலில் பாருங்கள். அது சரியாக நடந்தால் அன்றிரவே மிச்சத்தை வைத்துவிடலாம். இரண்டாம் முறையும் அதே கொத்து என்றால் அந்தக் கோழியை விட்டுவிடுங்கள். முட்டையை அருமையாக அடைகாத்துவிட்டுக் குஞ்சைக் கண்டதும் வெறுக்கும் பெட்டைகள் இருக்கின்றன. அடுத்த ஆண்டும் அவை அப்படியே இருப்பதுதான் வழக்கம்.

அறிகுறி: சிலவற்றை ஏற்று, சிலவற்றை விரட்டுகிறது

ஏற்கெனவே சொந்தக் குஞ்சு இருக்கும் கோழியிடம் புதியவற்றைச் சேர்க்கும்போது இது நடக்கும். பொரித்த முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் அதே வயதுக் குஞ்சுகளைச் சேர்த்தால் பெரும்பாலும் கலந்துவிடும். அதன்பின் கோழி தன் கூட்டத்தை நிறத்தாலும் நடவடிக்கையாலும் அடையாளம் கண்டுகொள்கிறது. எல்லாம் மஞ்சளாக இருக்கும் கூட்டத்தில் ஒரு கறுப்புக் குஞ்சு வந்தால் உடனே தெரிந்துவிடும். எல்லா நிறமும் கலந்த கூட்டத்தில் இன்னொரு நிறம் சேர்வது அவ்வளவாக உறுத்தாது. கலவை நிறக் குஞ்சுகள் வைக்க வேண்டுமென்றால் முதல் இரவே கலவையாக வைப்பது மேல்.

ஒரே ஒரு குஞ்சு மட்டும் விரட்டப்பட்டால், நிறத்தைக் குறை சொல்லும் முன் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். நோயுள்ள, நொண்டும் குஞ்சைத் தாய் ஒதுக்குவது உண்டு. கோழிக்கு முன்னால் தெரிந்துவிட்டது, நமக்கு இன்னும் தெரியவில்லை என்று ஆகலாம்.

அறிகுறி: கோழி கூப்பிடுகிறது, குஞ்சு போகவில்லை

கோழி "கொக் கொக்" என்று அழைக்க, குஞ்சுகள் மூலையில் கூடி நின்று கத்தினால் தவறு கோழியிடம் இல்லை. குஞ்சுக்கு வயது ஆகிவிட்டது. முட்டையிலிருந்து வந்ததும் அசையும் உருவத்தையும் ஒலியையும் பின்தொடரும் உந்துதல் குஞ்சுக்கு உண்டு. உயிரியலாளர் டக்ளஸ் ஸ்பால்டிங் 1873-லேயே இதைக் கோழிக்குஞ்சுகளில் கவனித்து எழுதினார். சில நாள் வரை கண்ணை மூடி வைத்திருந்து திறந்த குஞ்சுகள் மனிதரைக் கண்டு பின்தொடராமல் அஞ்சி ஓடியதையும் அவர் குறித்தார். அந்த உந்துதல் முதல் நாளில் உச்சத்தில் இருக்கும், மூன்றாம் நாளுக்குள் வேகமாக வடிந்துவிடும்.

எனவே ஒன்று முதல் மூன்று நாள் வயதுக்குள் வைப்பது சிறந்தது. ஒரு வாரம் விளக்கடியில் வளர்ந்த குஞ்சுக்கு விளக்குதான் தாய். இறகுள்ள ஒரு பெரிய உருவம் அதைப் பொறுத்தவரை ஆபத்து. அந்த நிலையில் சிறிய, இருட்டான பெட்டியில் கோழியையும் குஞ்சுகளையும் நெருக்கமாக அடைத்து, விளக்கை எடுத்துவிட்டால், குளிர் அவற்றை இறக்கைக்கு அடியில் தள்ளும் வாய்ப்பு உண்டு. மூலையில் தேங்கி நடுங்கினால் முயற்சியைக் கைவிட்டு விளக்கடிக்கே கொண்டுபோங்கள். பிடிவாதம் பிடித்தால் குஞ்சு சாகும்.

அறிகுறி: குஞ்சுகள் விடாமல் கத்துகின்றன

முதலில் எண்ணிப் பாருங்கள். நடுத்தர உடம்புள்ள பெட்டையால் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளை மூட முடியும். குட்டை இனம் என்றால் அதில் பாதி. இரவுக் குளிர் மிச்சமிருக்கும் வசந்தத்தின் தொடக்கத்தில் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எல்லாம் அடியில் அடங்கிவிட்டது என்று மகிழ்ந்து போவோம். பத்து நாளில் குஞ்சின் உடம்பு இரட்டிப்பானதும் ஓரத்துக் குஞ்சு வெளியே நின்றுவிடும். இருட்டியபின் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்து, வால்பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று எண்ணுவது நல்ல பழக்கம்.

எண்ணிக்கை சரி என்றால் ஈரத்தைத் தேடுங்கள். நனைந்த குஞ்சு தன் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாதது. பனி படர்ந்த காலைப் புல்லில் கோழி நடக்க, பின்னால் ஓடும் குஞ்சின் வயிறு நனைந்து கால் மடங்கிவிடும். முதல் வாரம் புல் உலர்ந்த பிறகே திறந்துவிடுங்கள். விறைத்துக் கிடக்கும் குஞ்சைக் கண்டால் செத்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். துணியில் சுற்றி, விளக்கடியில் மெதுவாகச் சூடேற்றுங்கள். சூடு ஏறி நிற்கும்வரை வாயில் தண்ணீரோ தீவனமோ விடக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

மூன்றாவது சாத்தியம், குஞ்சு வழிதவறிவிட்டது. அடைப்பெட்டி தரையிலிருந்து உயரமாக இருந்தால் இறங்கிய குஞ்சு ஏற முடியாது. தாய் மேலே உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், குஞ்சு கீழே கத்திக்கொண்டே இருக்கும். பெட்டியைத் தரையில் இறக்குங்கள், வாசல் விளிம்பைத் தாழ்த்துங்கள்.

அறிகுறி: தீனி வைத்தும் குஞ்சு தேறவில்லை

பொரிக்கும் முன் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால் முதல் இரண்டு நாள் குஞ்சு தின்னாமலும் இருக்கும். அதைக் கண்டு பதற வேண்டாம். அதன்பின்னும் தேறாவிட்டால் தீவனத்தட்டைப் பாருங்கள். முட்டைக்கோழித் தீவனம் வைத்திருக்கிறீர்களா? அதில் சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 சதவீதம். குஞ்சுக்கு ஒரு சதவீதம் போதும். மிஞ்சியது சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாய்க்கும் குஞ்சுக்கும் சேர்த்துக் குஞ்சுத் தீவனத்தையே வையுங்கள். குஞ்சோடு இருக்கும் கோழி முட்டையிடாது, அதனால் அதற்கும் குறை வராது. அடைகாத்து இளைத்த உடம்புக்குக் குஞ்சுத் தீவனத்தின் புரதம் நல்லதும்கூட.

தாய் எல்லாவற்றையும் கிளறிச் சிதறடிக்கிறது என்று பலர் தீவனத்தைக் கோழிக்கு எட்டாத இடத்தில் வைக்கிறார்கள். எனக்கு இது உடன்பாடில்லை. எதைத் தின்பது என்று குஞ்சு தாயிடம்தான் கற்றுக்கொள்கிறது. 1996-இல் கிறிஸ்டின் நிக்கோலும் ஸ்டூவர்ட் போப்பும் வெளியிட்ட ஆய்வில், தனக்குக் கெட்டதென்று தெரிந்த நிறத் தீவனத்தைக் குஞ்சு தின்பதைப் பார்த்த தாய்க்கோழி, நல்ல தீவனத்தைக் கொத்திக் காட்டி அழைப்பதை அதிகமாக்கியது. தத்துக் குஞ்சுக்கு இந்தப் பாடம் இன்னும் அவசியம். தட்டு கனமானதாக, கவிழாததாக இருக்கட்டும். தாய் சீய்ப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் நிரப்புங்கள். ஒரு வாரக் குஞ்சு மூழ்கிச் சாக விரற்கடை ஆழம் போதும்.

அறிகுறி: பின்புறத்தில் எச்சம் காய்ந்து அடைத்திருக்கிறது

பயணத்தில் வாடிய, குளிர்பட்ட குஞ்சுகளில் வரும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து மெல்லத் துடையுங்கள். பிய்க்காதீர்கள், தோலோடு வந்துவிடும். வயிற்றின் நடுவில் கறுப்பாக ஒட்டியிருப்பது தொப்புள். அதில் கை வைக்கவே கூடாது. துடைத்து, உலர்த்தி, சூடேறிய பிறகே தாயிடம் விடுங்கள்.

இந்த வேலையைத் தாயின் கண்ணெதிரில் செய்ய வேண்டாம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் செய்து 2011-இல் வெளியான ஆய்வில், குஞ்சின்மேல் காற்றுப் பீய்ச்சுவதைப் பார்த்த தாய்க்கோழியின் இதயத்துடிப்பு ஏறியது, அழைப்பொலி கூடியது. இப்போதுதான் ஏற்றுக்கொண்ட கோழியை அந்த நிலைக்குத் தள்ளுவதால் நமக்கும் குஞ்சுக்கும் நன்மை இல்லை. குஞ்சை ஒரு தடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து திருப்பி விடுங்கள்.

அறிகுறி: குஞ்சு நொண்டுகிறது, அல்லது காலை விரித்துக் கிடக்கிறது

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்பார்கள். தன் குஞ்சு எங்கே இருக்கிறது என்று கோழிக்கு நன்றாகத் தெரியும், அந்த வகையில் பழமொழி சரிதான். ஆனால் நீள வைக்கோல் ஆழமாகப் போட்ட கூட்டில், குஞ்சு எழ முடியாமல் சிக்கிக் கிடக்க, தாய் திரும்பும்போது மிதிபடும். வைக்கோலைக் குட்டையாக நறுக்கிப் போடுங்கள், அல்லது மரச்சீவல் பரப்புங்கள். நூல், சணல், பஞ்சு எதுவும் கூட்டில் கிடக்கக் கூடாது. காலில் சுற்றிய ஒரு நூல் ஓரிரவில் விரலை வீங்கவைத்துவிடும். நொண்டும் குஞ்சின் காலை விரல்விரலாகப் பிரித்துப் பாருங்கள். இழை தோலுக்குள் பதிந்திருந்தால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது.

கால் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கிப் போனால் தரைதான் காரணம். செய்தித்தாள், வழவழப்பான பலகை இரண்டும் ஆகாது. முதல் சில நாளுக்குள் கண்டுபிடித்தால், மென்மையான ஒட்டுப்பட்டையால் இரு காலையும் இயல்பான இடைவெளியில் தளர்வாகப் பிணைத்து, சொரசொரப்பான தரையில் விட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். கட்டுப்போட்ட குஞ்சைத் தாயின் கூட்டத்தில் விட வேண்டாம். ஒரு துணைக் குஞ்சோடு பக்கத்துப் பெட்டியில் வையுங்கள்.

அறிகுறி: குஞ்சுகள் வெளிறி, சோர்ந்து, ஒவ்வொன்றாகச் சாகின்றன

இங்கே இரண்டு எதிரிகளைச் சந்தேகிக்க வேண்டும்.

முதலாவது செள்ளு. அடை உட்கார்ந்த கோழி மண்குளியலைக் கிட்டத்தட்ட மறந்துவிடுகிறது. மூன்று வாரத்தில் அதன் இறகு பூச்சிகளின் கூடாரமாகிவிடும். இரத்தம் குடிக்கும் சிவப்புச் செள்ளு பகலில் பலகை இடுக்கில் ஒளிந்து இரவில் ஏறும், ஆகவே பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. இரவில் வெள்ளைத் துணியைக் கூட்டுப் பலகை இடுக்கில் தேய்த்துப் பாருங்கள். சிவப்புக் கறை படிந்தால் விடை கிடைத்துவிட்டது. பெரிய கோழி தாங்கும், சிறு குஞ்சு இரத்தம் வற்றிச் செத்துவிடும். தாயையும் குஞ்சுகளையும் உடனே வேறு கூட்டுக்கு மாற்றி, பழைய கூட்டின் இடுக்குகளைச் சுத்தம் செய்து மருந்திடுங்கள். தீனி இல்லாமலே பல மாதம் உயிரோடிருக்கும் பூச்சி அது. வெறுமனே பூட்டி வைத்தால் ஒழியாது. குஞ்சின்மேல் என்ன மருந்து பாதுகாப்பானது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். அடைக்கு உட்காரும் முதல் வாரத்திலேயே கோழியைச் சோதித்துவிட்டால் இந்தத் தொல்லை முழுக்க மிச்சம்.

இரண்டாவது இரத்தக் கழிச்சல். மூன்றிலிருந்து ஆறு வார வயதில்தான் அதிகம். குஞ்சு தோளைக் குறுக்கி, இறகு சிலிர்த்து, கண்மூடி நிற்கும். எச்சத்தில் இரத்தம் தெரியும். ஐமீரியா என்ற ஒட்டுண்ணி இதற்குக் காரணம். எச்சத்தோடு விழும் அதன் முட்டை ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள தரையில் ஓரிரு நாளில் தொற்றக்கூடியதாகிவிடும். பெரிய கோழிகள் நோய் காட்டாமலே இதைச் சுமக்கும். இன்குபேட்டர் குஞ்சு நேராக அந்தத் தரைக்கு வருகிறது என்பதை மறக்க வேண்டாம். தரையை உலர்வாக வைப்பதும், தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த படுக்கையை அன்றாடம் அள்ளுவதும் பாதி மருத்துவம். அறிகுறி கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்வார்கள். ஒரு குஞ்சுக்கு வந்தாலும் கூட்டம் முழுவதற்கும் சிகிச்சை.

அறிகுறி: மற்ற கோழிகள் குஞ்சைத் தாக்குகின்றன

தாய் சீறிப் பாய்ந்து காக்கும், ஆனால் ஒரே நேரத்தில் நான்கு திசையில் பாய முடியாது. அதைவிட, கூட்டத்தில் கடைநிலையில் இருக்கும் பெட்டை அடை உட்கார்ந்திருந்தால் மேல்நிலைப் பெட்டைகளுக்கு அது பயந்து ஒதுங்கிவிடும். முதல் இரண்டு வாரம் கம்பிவலைத் தடுப்புக்குள் வையுங்கள். எல்லாரும் ஒருவரையொருவர் பார்க்கலாம், தொட முடியாது. வலையின் கண் 12 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அதைவிடப் பெரிதானால் குஞ்சு வெளியே நழுவும், எலியும் பாம்பும் உள்ளே வரும். பிறகு தாயோடு திறந்துவிடும்போது, குஞ்சு மட்டும் நுழையக்கூடிய ஓட்டையுள்ள ஒரு மறைவிடம் செய்து வையுங்கள்.

தாயை நீண்ட நாள் முழுக்கப் பிரித்து வைப்பதும் கூடாது. திரும்பி வரும்போது அதுவே அந்நியக் கோழியாகிவிடும்.

அறிகுறி: குஞ்சு தாயைப் போல இல்லை

வாத்துக்குஞ்சைக் கோழி ஏற்கும். ஆனால் தாய் வாத்தின் இறகு எண்ணெய் படாததால் அந்தக் குஞ்சுகள் முதல் வாரங்களில் நீந்தவிட்டால் நனைந்து குளிரில் சாகும். ஆழமான தண்ணீரை எட்டாமல் வையுங்கள். கோழிக்குஞ்சைவிட அவற்றுக்கு நியாசின் என்னும் வைட்டமின் கூடுதலாக வேண்டும். குறைந்தால் கால் வளையும். தண்ணீரில் அளைந்து படுக்கை முழுவதையும் நனைத்துவிடுவதால் கோழிக்குஞ்சோடு கலந்து வைக்காதிருப்பது நல்லது. கினிக்கோழிக் குஞ்சு அதிகம் அலையும், மற்றபடி சமாளிக்கலாம்.

வான்கோழிக் குஞ்சை மட்டும் கோழியிடம் வைக்க வேண்டாம் என்பேன். கருந்தலை நோயின் கிருமி கோழியின் குடற்புழு முட்டை வழியாகப் பரவுகிறது. கோழிக்குப் பெரும்பாலும் தீங்கில்லை, வான்கோழிக்கு உயிர்க்கேடு.

அறிகுறி: இத்தனை நாள் அணைத்த தாய் இப்போது விரட்டுகிறது

குஞ்சுகளின் வயதைப் பாருங்கள். நான்கு வாரத்துக்கு முன்னால் என்றால் கவலைப்பட வேண்டியதுதான். தாய்க்கு நோயா, செள்ளா, தீனிக் குறைவா என்று தேடுங்கள். அதுவரை குஞ்சுகளுக்கு இரவில் விளக்கு தேவை. ஆறு வாரத்தை ஒட்டி என்றால் அது இயல்பான முடிவு. தாயின் கொண்டை மறுபடி சிவக்கும், "கொக் கொக்" அழைப்பு குறையும், சேவலருகே நிற்கும், ஒரு மாலை தரையில் படுக்காமல் கம்பில் ஏறிவிடும். பின்தொடரும் குஞ்சைத் தலையில் தட்டி விலக்கும். அடுத்த சில நாளில் முட்டை வந்துவிடும்.

அன்று முதல் செய்ய வேண்டியவை சில. குஞ்சுகளைக் கூட்டமாகவே வையுங்கள், ஒன்றிரண்டாகப் பிரிக்காதீர்கள். தாய் ஏறும் கம்பிற்குக் கீழே ஒரு தாழ்ந்த கம்பு போடுங்கள். இரண்டு மூன்று இரவு மூலையில் குவிந்தாலும் பிறகு ஏறிப் பழகிவிடும். மூலையில் குவியும் நாட்களில், அடியில் இருப்பது மூச்சுத்திணறாமல் இருட்டியபின் ஒருமுறை கையால் பரப்பிவிடுங்கள். இறகு முழுதும் மூடியிருக்கிறதா என்று முதுகைத் தடவிப் பாருங்கள். தோல் தட்டுப்பட்டால் குளிர் இரவுகளில் மட்டும் இன்னும் ஒரு வாரம் விளக்குப் போடுங்கள். தாய் முட்டையிடத் தொடங்கியதும் அதற்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில், குஞ்சுகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.